டிக்கிக்குள்ளிருந்து

ஃபியூஸ் மக்காரியோவின் சட்டைப் பையில் இருந்தது. பேட்டரிக்குப் போக வேண்டிய தடித்த சிவப்பு வயர் இன்னும் தரையில் சுருண்டு கிடந்தது. ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு பொட்டு மின்சாரம் போக வழியில்லை. அப்படியிருந்தும் காரின் டிக்கியில் இருந்த ஊஃபர் ஸ்பீக்கர் அடித்தது. தும், தும், தும். மூன்றே முறை. பிறகு சும்மா இருந்தது.

அவர் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் காது கொடுத்தார். சனிக்கிழமை மத்தியான வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை விரிந்து சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே பெக்கான் மரத்தில் சில்வண்டுகள் ஓயாமல் இரைந்தன. இரண்டு தெரு தள்ளிச் சரக்கு ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போனது. சமையலறை ஜன்னலிலிருந்து பீன்ஸ் கொதிக்கும் வாசனை வந்து, கார்பெட் ஒட்டுகிற பசையின் நெடியோடு கலந்து நின்றது. எல்லாம் அன்றாடம் கேட்கிற, முகர்கிற சமாசாரங்கள்தான். “கூரை சத்தம்,” என்று சொல்லிக்கொண்டார். கூரைத் தகரத்துக்கு அவ்வளவு கனத்த குரல் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாகப் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவர், அடிப்பது தகரமா ஊஃபரா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கார் அவருடையதல்ல, மகன் நெரேயோவுடையது. எண்பதுகளில் வந்த நீளமான இரண்டு கதவு வண்டி, கறுப்புத் திராட்சை நிறம், ஒரு ஆள் காலை மடக்காமல் படுக்கலாம் போன்ற டிக்கி. போன வருஷம் இதே ஷெட்டில், இதே டிக்கிக்குள்தான் நெரேயோ செத்துக் கிடந்தான்.

பேஸ் வைக்கிறவர்களுக்கெல்லாம் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. ஊஃபர் அடிக்கும்போது வண்டியின் ஏதோ ஒரு தகடு கூடவே கிணுகிணுக்கும். வெளியே நின்று அதைப் பிடிக்க முடியாது. டிக்கிக்குள் ஏறிப் படுத்து, மூடியைச் சாத்தி, பாட்டு ஓட ஓட இருட்டில் கையால் தடவினால்தான் எது நடுங்குகிறது என்று தெரியும். எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியை உறிஞ்சித் தீர்த்துவிடும். அன்றைக்கு அவன் அப்படித்தான் மூடியைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தான் என்றும், தளர்ந்துபோன ஸ்பிரிங்கினால் மூடி தானாக விழுந்து பூட்டிக்கொண்டது என்றும், துருப்பிடித்த சைலன்சரின் புகை உள்ளே ஏறிவிட்டது என்றும் போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலத்து வண்டிகளில் டிக்கியை உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மக்காரியோவின் தோளைத் தொட்டு ஒன்று சொன்னாள். “தூக்கம் வர்ற மாதிரிதாங்க இருந்திருக்கும். அப்படியே தூங்கிட்டான். அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.” ஒரு வருஷமாக அவர் தின்றதும் உறங்கியதும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். அதை மட்டும் யாராவது பிடுங்கிக்கொண்டிருந்தால் மனிதர் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, வருஷ நினைவு. கோயிலில் பூசை முடிந்ததும் நெரேயோவின் கூட்டாளிகள் அவரவர் வண்டியோடு இந்தத் தெருவில் வந்து வரிசை கட்டுவார்கள். கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தில் அவன் பெயர், சட்டையில் அவன் முகம். கிளம்பும் நேரத்தில் எல்லாரும் டிக்கியைத் திறந்து, அவனுக்குப் பிடித்த பாட்டை ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில், பேஸோடு வாழ்ந்த பையனுக்கு அப்படித்தான் மரியாதை செய்வது. செத்தவனின் வண்டி முன்னால் போக வேண்டும்; அது ஊமையாகப் போகக்கூடாது. ஆனால் தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கிய அவசரத்தில் வயர்களையெல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அத்தனையும் புதிதாக இழுத்தாக வேண்டும்.

காலையில் வயர் வாங்கப் போனபோது நெரேயோவின் உயிர்த்தோழன் சாகோ கூட வந்திருந்தான்.

“மாமா, ஒரு நாள் கூத்துக்கு எதுக்கு இவ்வளவு தடி வயரு? இந்தா, அலுமினிய வயரு கெடக்கு. மேல செம்பு பூசியிருக்கான். யாரு உரிச்சுப் பாக்கப்போறா?”

“உன் கல்யாணத்துக்கு அலுமினிய மோதிரம் போட்டுக்கடா, யாரு உரசிப் பாக்கப்போறா. என் பையன் வண்டிக்குச் செம்புதான்.”

சாகோ சிரித்தான். சிரித்த வாக்கிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையில் கண்ணைத் துடைத்தான். அந்தச் சட்டையில் நெரேயோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மக்காரியோ வேலையைத் தொடர்ந்தார். சிவப்பு வயரை இடது பக்கக் கதவுப் படியோரமாக இழுத்தார். பாட்டு வருகிற சிக்னல் வயரை வலது பக்கமாகக் கொண்டுபோனார். பவர் வயரும் சிக்னல் வயரும் பங்காளிகள் மாதிரி, பக்கத்தில் குடியிருந்தால் இரைச்சல்தான். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் கூட்டை வைத்தார். கடைசியாக எர்த். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் எர்த் வயர் குட்டையாக இருக்க வேண்டும், வண்டியின் வெற்று இரும்பை அது கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருகிற கோளாறில் முக்கால்வாசி எர்த்தில்தான் இருக்கும்.

எங்கே போல்ட் அடிப்பது என்று பார்க்க டிக்கியின் கார்பெட்டைத் தூக்கினார்.

தரைத் தகட்டின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவரே டிரில் போட்டது. முதன்முதலில் எர்த்தை அங்கேதான் அடித்தார்கள்; எஞ்சினை முறுக்கினால் பாட்டுக்குள் கொசு மாதிரி ஒரு இரைச்சல் கூடவே ஏறியது. தகடு மெல்லிசு, சீட்டுப் பக்கம் கனமான இரும்பு இருக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்று நெரேயோ சொன்னான். மாற்றினார்கள். இரைச்சல் போனது. “பழைய ஓட்டைய நான் அடைச்சுக்கறேன், நீ கார்பெட்டப் போடு,” என்று தான் சொன்னது அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அடைத்தது ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஓட்டையின் விளிம்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கார்பெட்டின் அடியிலும் அதே இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவர் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். ஓட்டைக்கு நேர் கீழே, ஒரு கை அகல இடைவெளியில், சைலன்சர் குழாய் விரிசல்விட்டுக் கிடந்தது.

ஒரு வருஷமாக அந்தச் சைலன்சரைச் சபித்துக்கொண்டிருந்தார். புகை அதிலிருந்துதான் வந்தது. அதற்கு வாசல் வைத்துக் கொடுத்தது அவர்.

வண்டிக்கு அடியிலேயே வெகுநேரம் கிடந்தார். எழுந்து வந்ததும் உப்புத்தாளை எடுத்து ஓட்டையைச் சுற்றியிருந்த கரியைத் தேய்த்துத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிகிற மட்டும் தேய்த்து, அதே ஓட்டையில் புது போல்ட்டை விட்டு எர்த் வயரை மாட்டினார். இது நல்ல இடமல்ல என்று தெரிந்தேதான் மாட்டினார். எப்படியாவது மனைவி ஒதிலியாவின் கண்ணில் அந்த ஓட்டை படாமல் போக வேண்டும். ஸ்பேனர் முனகுகிற வரைக்கும் முறுக்கினார்.

முறுக்கி முடித்த கையோடு, அவர் முகத்துக்கு நேரே, ஊஃபர் அடித்தது. தும், தும், தும்.

இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லை. ஊஃபரின் காகிதக் கூம்பு அசைந்ததைக் கண்ணால் பார்த்தார்.

“பாட்டை நிறுத்து!”

ஒதிலியா சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். கையெல்லாம் ரொட்டி மாவு. அவர் சட்டென்று கார்பெட்டை இழுத்து மூடினார்.

“பாட்டே போடல கிழவி. இன்னும் கரண்டே குடுக்கல.”

“அப்ப அது என்ன சத்தம்?”

“எர்த் கோளாறா இருக்கும்.”

“கரண்டே குடுக்கலங்கற. அப்புறம் எர்த்துல என்ன கோளாறு?” அவள் அவரோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள்; இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. “கிழவா, அது எத்தன தடவ அடிச்சுது?”

“மூணு.”

அவள் மாவுக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். சற்றைக்கெல்லாம் சமையலறை ரேடியோ காது கிழிகிற மாதிரி அலறியது.

அவளிடம் ஒரு வருஷமாக அப்படியொரு மாற்றம். தெருவில் பேஸ் போட்டுக்கொண்டு எந்த வண்டி போனாலும், அடுப்பில் எது கருகினாலும், போட்டது போட்டபடி வாசல் கேட்டுக்கு ஓடிவிடுவாள். வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மகன் வருகிறான் என்று மனசு ஏமாறுகிறது போலும், பாவம் என்று அவர் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டுவைப்போம் என ஒரு நாளும் தோன்றவில்லை.

மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். பாட்டு பிரமாதமாக வந்தது. ஷெட்டின் கூரை குதித்தது, மேஜைமேல் இருந்த திருகாணிகள் நடந்துபோய்க் கீழே விழுந்தன. நெரேயோ இருந்திருந்தால் பற்களை அத்தனையும் காட்டியிருப்பான். பாட்டை நிறுத்தினார். நிறுத்திய பிறகு, கொஞ்சம் பொறுத்து, மூன்று அடி.

கோளாறு கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அவர் சிக்னல் வயரைப் பிடுங்கினார், அடித்தது. ஆம்ப்ளிஃபையரை எழுப்பிவிடுகிற மெல்லிய நீல வயரைப் பிடுங்கினார்; அடித்தது. ஃபியூஸை உருவி மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அடித்தது. கடைசியில் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஊஃபருக்கு வருகிற வயரையே கழற்றிப் போட்டார். இனி அது மரப்பெட்டியில் திருகிவைத்த வெறும் காகிதக் கூம்பு, காந்தம், அவ்வளவுதான்.

தும். தும். தும்.

கழற்ற வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. எர்த் போல்ட். அதன் பக்கம் அவர் கை போகவில்லை.

ஊஃபர் ஒரு விசித்திரமான பண்டம். மின்சாரம் கொடுத்தால் கூம்பு ஆடும். கூம்பைக் கையால் ஆட்டினால் அது மின்சாரம் கொடுக்கும். மக்காரியோ மின்சாரம் அளக்கிற மீட்டரை எடுத்து அதன் இரண்டு ஊசிகளையும் ஊஃபரின் முனைகளில் மாட்டி, டிக்கியின் விளிம்பில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. துளி ஏறியது. துளி இறங்கியது. மறுபடி ஏறியது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையில் ஒரு சின்ன நிதானம் இருந்தது. அந்த நிதானம் அவருக்குப் பழக்கமானது. நெரேயோ கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்ட ராத்திரிகளில் அவன் மார்பில் கை வைத்தபடி மூச்சுக்கு மூச்சு அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

திடீரென்று எண் குதித்தது. மூன்று முறை. ஒவ்வொரு குதிப்புக்கும் கூம்பு வெளியே தள்ளியது. முன்னால் இருந்து யாரும் அதை இழுக்கவில்லை. பின்னால் இருந்துதான் தள்ள வேண்டும். பின்னால் மூடிய பெட்டி. நாலு பக்கமும் பசை வைத்து அப்பனும் மகனுமாக அடைத்த பெட்டி. அதற்குள் காற்று மட்டும்தான் உண்டு.

அவர் டாக்டரம்மாவின் வார்த்தையைத் தேடினார். தூக்கம் வர்ற மாதிரிதாங்க. அப்படியே தூங்கிட்டான்.

தூங்குகிறவன் தட்டமாட்டான்.

மீட்டரை அணைத்தார். டிக்கியை மூடவில்லை. மூட மனம் வரவில்லை. ஷெட்டின் விளக்கை எரியவிட்டு வீட்டுக்குள் போனார். அன்றைக்கு இரவு இருவருமே படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள், அடுத்தவர் தூங்குகிறார் என்று நம்பிக்கொண்டு.

மறுநாள் சாயங்காலம் பூசை முடிந்து, வந்தவர்கள் ஆட்டிறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, கூட்டாளிகளின் வண்டிகள் வருவதற்கு முன் கொஞ்சம் அவகாசம் இருந்தது. வெயில் தாழ்ந்து ஷெட்டுக்குள் செம்மண் நிறத்தில் விழுந்திருந்தது. மக்காரியோ எல்லா வயரையும் திரும்ப மாட்டியிருந்தார். சத்தம் நிற்கவில்லை. இடைவெளிதான் குறைந்திருந்தது. ஊர்வலத்தில் பாட்டுக்கு நடுவே அது கேட்காது என்பது அவருக்குத் தெரியும். பேஸ் அடிக்கும்போது வேறு எதுவும் கேட்காது.

ஒதிலியா கறுப்பு உடுப்போடு ஷெட்டின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“இன்னும் அடிக்குதா?”

“அடிக்குது. ஏதோ தகடு ஆடுது போல. உள்ள படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு ஏறினார். நல்ல சட்டையோடேயே ஏறி, பெட்டிக்கும் பின்சுவருக்கும் இடையில் ஒருக்களித்துப் படுத்தார். தகடும் ஒன்றும் இல்லை, மண்ணும் இல்லை. மகன் படுத்த இடத்தில் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அவருக்குள் கிடந்தது. ரப்பர் வாடை. பசை வாடை. அவற்றுக்கு அடியில், எங்கோ, எஞ்சினே போடாத வண்டியில் மெல்லிசாகப் புகை வாடை. விலாவுக்குக் கீழே கார்பெட்டைத் தாண்டி எர்த் போல்ட்டின் தலை உறுத்தியது.

“ஒதிலியா. மூடிய சாத்து. கொஞ்ச நேரம்தான். சாவி உன் கையிலதான இருக்கு, நான் தட்டினதும் தொற.”

அவள் அசையவில்லை.

“சாத்து கிழவி. பசங்க வந்துருவாங்க.”

“மாட்டேன்.”

“ஏன்?”

“இன்னொரு தடவ மூட மாட்டேன்.”

சில்வண்டுகள் இரைந்தன. அவர் மெல்லத் தலையைத் தூக்கி, டிக்கியின் விளிம்புக்கு மேலே அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் சாவியை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

“என்ன சொன்ன?”

“தானா விழல. நான்தான் மூடினேன்.” அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. “‘அம்மா, மூடி நல்லா சாத்தலேன்னா சத்தம் புடிபட மாட்டேங்குது, நீ வந்து அமுத்திட்டுப் போ. மூணு தடவ தட்டுவேன், வந்து தொற’ன்னான். அமுத்திட்டுப் போனேன். அடுப்புல ரொட்டி இருந்துச்சு.”

“ஒதிலியா...”

“கேட்டுச்சு கிழவா. எனக்குக் கேட்டுச்சு. தும் தும் தும்னு. பாட்டுன்னு நெனச்சேன். பாட்டு அப்படித்தான அடிக்கும்? அதுக்குத் தாளம் போட்டுக்கிட்டே மாவு தட்டினேன். எம்புள்ள உள்ளயிருந்து அம்மா தொற தொறன்னு தட்டறான், நான் அதுக்குத் தாளம் போட்டு ரொட்டி சுட்டேன்.”

அவள் ஷெட்டின் நிலையைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

மக்காரியோ டிக்கியிலிருந்து தடுமாறி இறங்கினார். ஒரு வருஷம் அவரைத் தாங்கிய வார்த்தை போய்விட்டது. அவன் தூங்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. இருட்டில், புகையில், அம்மா வருவாள் வருவாள் என்று தட்டிக்கொண்டிருந்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இவள் மூடினாள், மூடினதால் மட்டும் ஒருவன் சாவானா? புகை வராவிட்டால் வியர்த்து விறுவிறுத்து அம்மாவைத் திட்டிக்கொண்டே வெளியே வந்திருப்பான். இதை இப்போதே அவளிடம் சொல்ல வேண்டும். போல்ட்டைக் கழற்றிக் காட்ட வேண்டும்.

“நீயில்ல,” என்று ஆரம்பித்தார். “ஒதிலியா, நீயில்ல, நான்தான்...”

தெருவில் வண்டிகள் வந்துவிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக, மினுக்கும் சாயமும் தாழ்ந்த வயிறுமாக, வீட்டு வாசலிலிருந்து முனை வரைக்கும். சாகோ முதல் வண்டியில் இருந்துகொண்டு கையை உயர்த்தினான். சோதித்துப் பார்க்கப் போலும், எல்லாரும் ஒன்றாகப் பாட்டைப் போட்டார்கள்.

தரை ஆடியது. ஜன்னல்கள் நடுங்கின. சில்வண்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

“அந்த ஓட்டைய நான்தான் அடைக்காம விட்டேன்!” என்று கத்தினார். “புகை அது வழியாத்தான் வந்துச்சு! நான்தான்!”

ஒதிலியா அவர் வாயைப் பார்த்தாள். காதில் கையை வைத்தாள். என்ன என்று கேட்டாள் போலிருக்கிறது, அதுவும் கேட்கவில்லை. அவர் மறுபடி கத்தினார். மறுபடி. தொண்டை கிழிந்தது. பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்குக் கேட்கவில்லை.

பிறகு சாகோ கையை இறக்கினான். பாட்டு நின்றது. ஜபம் சொல்வதற்காகப் பையன்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வண்டியைவிட்டு இறங்கினார்கள். எஞ்சின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பதினைந்து இருபது சைலன்சர்களின் புகை தெருவோரம் தாழ்வாகப் படர்ந்தது.

அந்த நிசப்தத்தில் நெரேயோவின் வண்டி அடித்தது.

தும். தும். தும்.

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாகோ பாதிச் சிரிப்போடு, “மாமா, இன்னும் ஆஃப் பண்ணலியா?” என்றான்.

அவர் பதில் சொல்வதற்குள் சாகோவின் டிக்கிக்குள்ளிருந்து மூன்று தட்டு. மூடியிருந்த டிக்கி. சாகோவின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவன் தன் கையில் இருந்த டிக்கிச் சாவியைப் பார்த்தான். அடுத்த வண்டி. மூன்று தட்டு. அதற்கடுத்த வண்டி. மூன்று. தெருமுனை வரைக்கும், ஒன்று முடிந்து ஒன்றாக, ஒவ்வொரு மூடிய டிக்கிக்குள்ளிருந்தும்.

ஒதிலியா எழுந்தாள். கறுப்பு உடுப்பில் ஷெட்டின் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை. நேரே சாகோவிடம் போனாள்.

“தொறடா.”

“அத்த, உள்ள ஒண்ணும் இல்ல, பெட்டி மட்டும்தான்...”

“தொற.”

அவளே சாவியைப் பிடுங்கித் திறந்தாள். பெட்டி. வயர். யாரும் இல்லை. அவள் உள்ளே கையை விட்டு, வியர்த்த ஒரு நெற்றியிலிருந்து முடியை ஒதுக்குகிற மாதிரி எதையோ ஒதுக்கினாள். “வந்துட்டேன் சாமி,” என்றாள். அடுத்த வண்டிக்குப் போனாள். திறந்தாள். குனிந்தாள். வந்துட்டேன் சாமி. அடுத்தது. பையன்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாவியை அவளிடம் நீட்டினார்கள். யாருக்கும் ஜபம் வாயில் வரவில்லை.

மக்காரியோ அவள் பின்னாலேயே போனார். “ஒதிலியா, அது நீயில்ல,” என்றார். தட்டல் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

தெருமுனையில் கடைசி டிக்கியையும் அவள் திறந்தாள். தட்டல் நின்றது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. வரிசை முழுக்க டிக்கிகள் வாய் பிளந்து நின்றன. அவள் நிமிர்ந்து, ஒரு வருஷத்தில் முதல் முறையாக, நன்றாக ஒரு மூச்சு விட்டாள்.

வரிசையின் அந்தக் கோடியில், ஷெட்டுக்குள், நெரேயோவின் டிக்கி மூடி தானாக இறங்கியது. க்ளக். பிறகு சாகோவுடையது. புத்தம்புது ஸ்பிரிங் போட்ட மூடி. க்ளக். பிறகு அடுத்தது. அவர்களை நோக்கி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. யாரும் தொடவில்லை.

ஷெட்டுக்குள்ளிருந்து தட்டல் கேட்டது.

இந்தத் தடவை மெதுவாக. மூன்றாவது தட்டுக்கு வலுவில்லை.

ஒதிலியா சாவிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, புகைக்குள் திரும்ப நடக்க ஆரம்பித்தாள்.